குழியெல்லாம் இவளுக்கு, குச்சியெல்லாம் அவனுக்கு

கஸ்பார் ஜானட்டை அறைந்த அறை ராயபுரம் முழுக்கக் கேட்டது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்காரன், யாரோ சிக்னல் கொடுக்கிறார்கள் என்று நினைத்துப் பதில் ஹாரன் அடித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியெல்லாம் இல்லை என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் சொல்லக்கூடும். அவர்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரிட்டையர் ஆன எனக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. கேட்டது கேட்டதுதான்.

அறை விழுந்த மறுகணமே பதில் கிளம்பியது. ஜானட் கையில் இருந்த சங்கரா மீன் குழம்புச் சட்டி பறந்தது. கஸ்பார் குனிந்தான். சட்டி சுவரில் மோதி, மாதா படத்துக்குக் கீழே ஒரு பெரிய சிவப்பு இந்தியா மேப் வரைந்தது. குனிந்தவன் நிமிர்வதற்குள் மாமியார் ஆலிஸ் உள்ளேயிருந்து வந்தாள். அவள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவள். அவள் கையில் அன்றைக்கு விற்காமல் கொண்டுவந்த ஒரு முழு வஞ்சிரம், ஐஸில் கிடந்து விறைத்து, சவுக்குக் கட்டை மாதிரி. வாலைப் பிடித்து ஒரே சுழற்று. கஸ்பாரின் புருவம் கிழிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் "என்ன பட்டுச்சு?" என்று கேட்க, "மீன் சார்" என்று இவன் சொல்ல, "எந்தக் கடல்ல?" என்று அவர் கேட்டாராம்.

என்ன தகராறு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும்.

மற்ற வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலம் சீரியல் பார்ப்பார்கள். இவர்கள் சண்டை மிஷின் செய்தார்கள். கஸ்பார் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கம்பி இறுக்குகிறவன். ஜானட் தண்டையார்பேட்டையில் கரண்ட் ஆட்டோ பேட்டரி ரிப்பேர் கடையில் பற்றவைக்கிறவள். வேலை முடிந்து வந்து இரண்டு பேரும் சேர்ந்து செய்தது, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு இரும்பு வண்டி, நாலு சக்கரம், மூக்கில் சுற்றுகிற ஒரு பட்டை. லாரியின் ஸ்பிரிங் வில்லில் வெட்டிய பட்டை. ரிமோட்டை அழுத்தினால் அது சுற்றுகிற சுற்றில் கண்ணுக்கே தெரியாது, காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். அதற்கு கஸ்பார் வைத்த பெயர் 'மாமியார்'. ஆலிஸுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை பழைய குடோன் ஒன்றில் வல்லரசு என்கிற கிரேன் மெக்கானிக் இந்த மிஷின்களை மோதவிடுவான். ஊரே "மாமியார்! மாமியார்!" என்று கத்தும்போது ஆலிஸ் முன்வரிசையில் நின்று தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வாள்.

இந்த மாதிரி மிஷினுக்கு உயிர் பேட்டரியில். பேட்டரியையும் வண்டியையும் சேர்ப்பது அந்த மஞ்சள் கனெக்டர். அது இரண்டு பாதி. ஒரு பாதியில் தங்க முலாம் பூசிய இரண்டு குச்சி, இன்னொரு பாதியில் இரண்டு குழி. பேட்டரி பக்கம் எப்போதும் குழிப் பாதி, வண்டி பக்கம் குச்சிப் பாதி. மாற்றி வைத்தால், பேட்டரியின் குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டு ஏதாவது இரும்பில் பட்டு வீடே பற்றிக்கொள்ளும். வயரைப் பற்றவைக்கும்போது இரண்டு பாதியையும் ஒன்றில் ஒன்று சொருகி வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். தனியாக வைத்துச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகிக் குச்சி சாய்ந்துவிடும். கஸ்பார் இடுக்கியால் பிடித்துக்கொள்வான், ஜானட் பற்றவைப்பாள். கடைக்குப் போய் வாங்குவது அவன், வேலை அவள். ஏன் சொருகிப் பிடிக்கச் சொல்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பிடிக்கத் தோதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மோதலுக்குச் சற்று முன்னால் பழைய கனெக்டர் விரிசல் விட்டது. நல்ல கனெக்டர் மூட்டை வீட்டில் இருந்தது. கஸ்பார் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஒரு சைக்கிள்-மோட்டார் சாமான் கடையில் கிடைத்த ஜோடியை வாங்கிவந்தான்.

"மேக்னட் வச்சிப் பாத்தியா?" என்றாள் ஜானட். அசல் என்றால் குச்சி பித்தளை, காந்தம் ஒட்டாது. டூப்ளிகேட் என்றால் இரும்பு.

"இன்னா மேக்னட்டு? மஞ்சளா கீதில்ல? போடு."

போட்டாள். எதிராளியை 'மாமியார்' முதல் முட்டு முட்டியதுமே கனெக்டர் உருகி, இரண்டு பாதியும் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு, புகை கிளம்பி, வண்டி செத்தது. ஜனங்கள் "மாமியாருக்கு மாரடைப்பு!" என்று ஊளையிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில், சாப்பாட்டுக்கு வந்த கஸ்பாரின் தோஸ்துகள் முன்னால் ஜானட், உருகிய கனெக்டரை அவன் தட்டில் சோற்றின் மேல் வைத்தாள். "மஞ்சளா கீது, துன்னு" என்றாள். அப்போது விழுந்ததுதான் அந்த அறை.

அதற்கு முன்னால் அவன் அவளை அடித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அடித்தபிறகு அவள் இடது காதில் ஒரு 'ஙொய்' சத்தம் வந்து குடியேறியது. அதையும்தான்.

ஆலிஸ் அன்றைக்கே பங்கு பிரித்தாள். தெருவே வாசலில் நின்றது.

"எம் பொண்ணு மேல கைய வச்சவன் கூட ஒரு ஸ்க்ரூகூட பொதுவா கெடக்கக் கூடாது. எல்லாத்தையும் சமமா பிரி!"

தலையணை இரண்டும் ஆளுக்கொன்று. தட்டு, தம்ளர், ஸ்க்ரூடிரைவர். ஒரு செருப்பு ஜோடியையும் பிரிக்கப் போனாள், யாரோ தடுத்தார்கள். மிஷின் ஜானட்டுக்கு, ரிமோட்டில் ஒன்று அவனுக்கு. கடைசியில் கனெக்டர் மூட்டை வந்தது. மீன்காரி பங்கு பிரிக்கிற முறை ஒன்று உண்டு. இனத்தைக் கலக்கமாட்டார்கள். சங்கரா ஒரு குவியல், கெளுத்தி ஒரு குவியல். ஆலிஸ் கனெக்டர்களைப் பாய் மேல் கொட்டி, குச்சி வைத்ததெல்லாம் ஒரு பக்கம், குழி வைத்ததெல்லாம் ஒரு பக்கம் தள்ளினாள். இரண்டும் சரியாக ஒரே உயரத்தில் குவிந்ததைப் பார்த்துத் தன் நியாயத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"குழியெல்லாம் இவளுக்கு. குச்சியெல்லாம் அவனுக்கு. ஒரு பீசு கூடல, கொறயல. பாத்துக்கங்க எல்லாரும்!"

ஜானட் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்பார் புருவத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அவன் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் யானை நிறத்தில் திரும்பலாம். அங்கேயிருந்து தினம் ஒரு ஆள் மூலம் சமாதானம் அனுப்பினான். ஆலிஸ் வந்த ஆளையெல்லாம் விளக்குமாற்றால் வரவேற்றாள். கடைசியில் வல்லரசுவே வந்தான்.

"ஆன்ட்டி, அவன் பேஜாராயி கீறான். சோறு எறங்கல. வூட்டுக்கு வரணும்ங்கறான்."

"வரட்டும். ஒரு மிஷின் செய்யச் சொல்லு. மாசக் கடைசி வரைக்கும் வேணாம், வர ஞாயித்துக்கெழமயே எம் பொண்ணு மிஷினோட மோதட்டும். அவன் ஜெயிச்சா வாசப்படி ஏறட்டும். தோத்தான்னா இந்தத் தெருப் பக்கம் இருக்கற சாமிய கூட கும்புடக் கூடாது."

ஜானட் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்: "என்னிய கேட்டியாமா நீ?"

"நீ தோத்துருவியா?"

"நானா? அவன் மிஷின பொடி பண்ணி கொழம்புல போடுவேன்."

"அப்பால இன்னாடி?"

ஜானட், சட்டி வரைந்த குழம்பு மேப் மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

'மாமியாரை' எழுப்பப் புதுக் கனெக்டர் ஒரு ஜோடி வேண்டும். மூட்டையைப் பிரித்தவள் அப்போதுதான் பார்த்தாள். குழி, குழி, குழி. கையை விட்டுத் துழாவினாள். எல்லாம் குழி. அம்மாவைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் திருவொற்றியூர் வரைக்கும் போய் இறங்கின.

"நெட்டுக்குப்பம் போய்க் கேளேன்" என்றேன் நான்.

"செத்தாலும் கேக்கமாட்டேன் அங்கிள். ரிச்சி தெரு போறேன். பாதிய குடுத்து மீதிப் பாதிய மாத்திக்கறேன்."

எனக்கும் மிக்ஸிக்கு ஒரு சுவிட்ச் வாங்கவேண்டியிருந்தது. சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் போனேன்.

பாரிமுனையில் இறங்கி இன்னொரு பஸ் மாறி மவுண்ட் ரோடு. வெயில் என்றால் வெயில், தார் ரோடு செருப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பெயர் கேட்டது. ரிச்சி தெருவுக்குள் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடிப்படி, படிக்குக் கீழே ஷாரிக் பாயின் கடை. அகலம் ஒரு ஆள், ஆழம் ஒரு ஆள், உயரம் மட்டும் வானம். சுவர் முழுக்கத் தீப்பெட்டி மாதிரிச் சின்னச் சின்ன இழுப்பறை. உலகத்தில் ஒரு வயர் இன்னொரு வயரைத் தொடுவதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் அதில் இருந்தது.

ஜானட் மூட்டையைக் கொட்டினாள். ஷாரிக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"நம்ம மாலுதான். எக்ஸ்டி அறுவது, ஒரிஜினல். இன்னாக்கா வேணும்?"

"இத்தயெல்லாம் நீ வச்சிக்கினு குச்சி வச்ச பாதிய குடு பாய்."

"பாதி பாதியா விக்கறதுக்கு இது இன்னா தேங்காயாக்கா? ஜோடியாத்தான் வரும், ஜோடியாத்தான் போவும்." பிறகு கன்னத்தைச் சொறிந்தான். "இன்னாக்கா இன்னிக்கு எல்லாரும் பாதிய தூக்கிகினு வரீங்கோ? இப்பதான் ஒர்த்தரு, குச்சியா ஒரு மூட்ட கொண்டாந்து குழி கேட்டாரு. டீ குடிக்கப் போயி கீறாரு."

டீ குடித்துவிட்டு அவர் வந்தார். புருவத்தில் தையல்.

கஸ்பாரும் ஜானட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்குள் இருந்த மின்விசிறி நின்றுபோனது. சத்தியமாக.

ஷாரிக்குக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "அல்லா! அவருகிட்ட குச்சி, உங்ககிட்ட குழி. இங்கயே மாத்திக்கினு போங்களேன்!" என்று கைதட்டினான்.

"இந்த மூஞ்சிகிட்டயா?" என்றாள் ஜானட்.

"எனுக்கும் தேவயில்ல" என்றான் கஸ்பார். "பாய், புதுசா ஒரு ஜோடி குடு."

"எனுக்கும் ஒரு ஜோடி."

ஷாரிக் ஒரு இழுப்பறையை இழுத்தான். உள்ளே ஒரே ஒரு ஜோடி. "ஒரிஜினல் இது ஒண்ணுதான் கீது. அடுத்த மாசந்தான் சரக்கு. டூப்ளிகேட் வேணுமின்னா நெறய..."

இரண்டு கையும் ஒரே நேரத்தில் இழுப்பறைக்குள் போயின.

நான் சுனாமி பார்த்தவன். துறைமுகத்தில் கிரேன் சரிந்து பார்த்தவன். இதைப் போலப் பார்த்ததில்லை. ஜானட் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்தான், பிடித்த கையைத் தானே பார்த்து, சுட்டதுபோல் விட்டுவிட்டான். விட்டதுதான் தப்பு. அவள் முழங்கையால் அவன் வயிற்றில் ஒன்று விட்டாள். அவன் பின்னால் போய்ச் சுவரில் மோதினான். சுவர் ஒரு கணம் யோசித்தது. பிறகு மேலிருந்து கீழ் வரை அத்தனை இழுப்பறையும் வாயைத் திறந்து கக்கியது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு. ஆலங்கட்டி மழை. கணுக்கால் வரை கனெக்டர். என் சட்டைப் பைக்குள்கூட மூன்று விழுந்தன, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை. கஸ்பார் அதில் வழுக்கி விழ, ஜானட் அவன் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கட்டு வயரால் அவனை மொத்தத் தொடங்கினாள்.

"பேமானி! சோமாறி! மஞ்சளா கீதா? இந்தா மஞ்சளு! இந்தா செவப்பு!"

ஷாரிக் கத்தவில்லை. மெதுவாகப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். கொட்டிக்கிடந்த இருபது வருஷ வியாபாரத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதும் அடி நின்றது.

"ஒரு பீசு மிச்சமில்லாம பிரிச்சி அடுக்கிட்டு அப்பால போங்கோ" என்றான். "ரெண்டு பேரும். இல்லாங்காட்டி போலீசு."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஸ்டூலும் டீயும் கிடைத்தது.

பிரிப்பது என்றால் லேசில்லை. பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. ஷாரிக் ஆளுக்கு ஒரு பொத்தல் போர்டைக் கொடுத்தான். கறுப்புக் குச்சி வரிசையாக நிற்கிற பெர்க் ஸ்ட்ரிப் என்றால் அந்தப் பொத்தலில் முதலிலிருந்து கடைசி வரை சரியாக உட்காரும். ஒரு மயிரிழை நெருக்கமான இனம் ஒன்று உண்டு. நாலைந்து குச்சி வரைக்கும் அதுவும் நல்லபிள்ளை மாதிரி இறங்கும், பத்தாவது குச்சியில்தான் முரண்டு பிடிக்கும். வெள்ளையில் பூட்டுக் காது வைத்தது ரிலிமேட். அதேபோல் வெள்ளை, ஆனால் பொடிசு, இரண்டாவது மூன்றாவது குச்சியிலேயே பொத்தலை விட்டு விலகுகிறது என்றால் அது சின்ன பேட்டரிக்கு. அதில் ஒரு கொடுமை, ஒருத்தன் சிவப்பு வயரை இந்தப் பக்கம் வைப்பான், இன்னொருத்தன் அந்தப் பக்கம். நிறத்தை நம்பிச் சொருகினால் போர்டு காலி.

கஸ்பார் எடுத்துப் பார்த்ததுமே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான், எல்லாம் சரியான பெட்டியில் விழுந்தது. ஜானட் ஒவ்வொன்றாகப் பொத்தலில் வைத்துப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி சொன்னான். பதில் இல்லை.

"ராங்கு காட்டாத ஜானட்டு. பேசிகினேதான கீறேன்?"

அவள் தலையைத் திருப்பினாள். "அந்தப் பக்கம் குந்திகினு பேசாத. அந்தக் காது கேக்கல."

கஸ்பார் கையில் இருந்த ரிலிமேட் அப்படியே நின்றது. "இன்னா... எப்பத்துலேர்ந்து?"

"நீ எப்ப அடிச்சியோ அப்பத்துலேர்ந்து. டாக்டரு ஜவ்வு கிழிஞ்சிட்சின்னாரு. ஒட்டிக்கினாலும் ஒட்டிக்குமாம்."

ஷாரிக் ரேடியோவை அணைத்தான். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். டீ எப்போதோ ஆறியிருந்தது.

"கை ஓடிப்போச்சி ஜானட்டு" என்றான் கஸ்பார்.

"ஓடிப்போச்சா? தனியா பஸ்ஸு ஏறி வந்துச்சா உங்கையி? டிக்கெட் எட்துச்சா?"

"இல்ல... தோஸ்துங்க முன்னால... நீ வேற சோத்து மேல..."

"சோத்து மேல வச்சேன். ஆமா. பதிலுக்கு எஞ்சோத்து மேல வையி. சட்டிய ஒட. செவுத்துல முட்டிக்க. எங்கம்மா வஞ்சரத்தால அட்சாளே, அது உனுக்கு வலிச்சிச்சா?"

"உயிரு பூட்சி."

"தையல் பிரிச்சா சரியாப்பூடும். எனுக்கு ராத்திரியும் பகலும் கொசு கத்திகினே கீது. தலகாணில அந்தப் பக்கம் படுத்தா இன்னும் கத்துது. நீ கத்தறா மாதிரியே கத்துது."

அவன் நெடுநேரம் குனிந்து பொறுக்கினான். பிறகு எழுந்து, குவியலைச் சுற்றிப் போய், அவளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தான். "நாந்தான் அடிச்சேன்" என்றான். "கையி இல்ல. நானு."

"தெரியும்" என்றாள். "அந்த வெள்ளய அங்க போடாத. அது பொடிசு."

"பொடிசு இல்ல. ரிலிமேட்டு. காது பாரு."

பார்த்தாள். அவன் சொன்னதுதான் சரி. வாங்குகிற விஷயத்தில் அவன் கண் கண்தான், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

வேலை முடிந்தபோது ஷாரிக் அந்தக் கடைசி ஒரிஜினல் ஜோடியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டான். "உங்க ரெண்டு பேருக்கும் இத்த தரமாட்டேன். மூட்டயில பாதிப் பாதிய மாத்திகினு கெளம்புங்கோ."

மாற்றிக்கொண்டார்கள். குழிக்குக் குச்சி, குச்சிக்குக் குழி. போகும்போது கஸ்பார் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அவனே பற்றவைத்த குச்சிப் பாதி, வயரோடு.

"நானே போட்டேன். எப்டி கீது?"

ஜானட் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்கே தெரிந்தது, இரண்டு குச்சியும் சாராயக் கடையிலிருந்து வருகிற தோஸ்துகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவன் பாவம், தனியாக வைத்தே சூடு காட்டியிருக்கிறான். அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருப்பிக் கொடுத்தாள். சிரித்தாள். நான் பயந்தே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை குடோனில் நிற்க இடமில்லை. ராயபுரம் ஒரு பக்கம், எண்ணூர் ஒரு பக்கம். நடுவில் கன்டெய்னர் தகடு அடித்த வளையம், மேலே டிராலர் வலை. ஆலிஸ் முன்வரிசையில், சர்ச் பூசைக்குப் போகிற பட்டுப் புடவையில், மடியில் ஒரு துணிப்பை. பையில் என்ன என்று கேட்டேன். "வஞ்சரம்" என்றாள். "எதுக்கும் இருக்கட்டும் அண்ணாத்த."

கஸ்பாரின் புது மிஷினுக்குப் பெயர் 'மருமவன்'. முன்னால் ஒரு இரும்புக் கொம்பு, தூக்கிப் புரட்டுவதற்கு. வல்லரசு விசில் ஊதினான்.

முதல் மோதலில் தீப்பொறி கூரை வரை போனது. 'மருமவன்' கொம்பை நுழைத்து 'மாமியாரை'த் தூக்கித் தகட்டில் அறைந்தது. எண்ணூர் பக்கம் விசில் பறந்தது. ஆலிஸ், தன்னையே அடித்ததுபோல் நெஞ்சில் கை வைத்தாள். தலைகீழாக விழுந்த 'மாமியார்' அதே சுழற்சியில் தன்னைத்தானே புரட்டி எழுந்து வந்து ஒரு வெட்டு வெட்டியது. கொம்பு பாதியில் முறிந்து, தகட்டில் குத்தி, 'ங்' என்று அதிர்ந்தது. மறுபடி முட்டு. மறுபடி வெட்டு. இரும்பு வாசனை, ரப்பர் வாசனை. கஸ்பார் அருமையாக ஓட்டினான், பொய் சொல்லக்கூடாது. ஓடி ஓடிப் பின்பக்கமாக வந்து 'மாமியாரின்' ஒரு சக்கரத்தைப் பிடுங்கிவிட்டான். மூன்று சக்கரத்தில் அவள் நொண்டினாள். ஜெயித்துவிடுவான் போலிருந்தது. அவன் முகத்தில் வாசற்படி தெரிந்தது.

அப்போது 'மருமவன்' வயிற்றிலிருந்து ஒரு நூல் புகை.

சாய்ந்த குச்சி குழியில் ஒழுங்காகத் தொடவில்லை. தொட்ட இடத்தில் சூடு. சூட்டில் மஞ்சள் உருகியது. 'மருமவன்' நடுவளையத்தில் அப்படியே நின்றது. கஸ்பார் ரிமோட்டை இரண்டு கையாலும் பிசைந்தான்.

வல்லரசு விசில் ஊதினான். ஆட்டம் முடிந்தது.

ஜானட் நிறுத்தவில்லை.

நொண்டிக்கொண்டே 'மாமியார்' வந்தது. செத்துக்கிடந்ததை வெட்டியது. ஒரு சக்கரம் பறந்து வலையில் தொங்கியது. விசில். மறுபடி வெட்டு. இன்னொரு சக்கரம் யாருடைய பிரியாணிப் பொட்டலத்திலோ போய்ப் பாந்தமாக உட்கார்ந்தது. விசில், விசில். மூடி பிய்ந்தது. மோட்டார் சிதறியது. முதலில் கூட்டம் கத்தியது, சிரித்தது. பிறகு சிரிப்புக் குறைந்தது. பிறகு இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம் மட்டும். ஜானட் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ரிமோட்டை அழுத்திக்கொண்டேயிருந்தாள். கஸ்பார் தடுக்கவில்லை. தகட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஆலிஸ் எழுந்து போய் மகளின் தோளில் கை வைத்ததும்தான் பட்டை சுற்றுவது நின்றது.

"போதும்மா" என்றாள் ஆலிஸ். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கஸ்பார் சாமான்களைக் கோணியில் அள்ளிக்கொண்டான். "தோத்துட்டேன்" என்று வல்லரசுவிடம் சொன்னான். ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், மணலிப் பக்கத்து வாயு நாற்றத்தைக் கடல்காற்று தள்ளிக்கொண்டிருந்த நேரம், கோணியோடு வந்து எங்கள் தெருமுனையில் நின்றான். ஆலிஸ் விளக்குமாற்றை எடுத்தாள்.

"தோத்தவன் உள்ள வரக்கூடாதுன்னுதான பேச்சு!" என்றான் அவன் தூரத்திலிருந்தே. "நா உள்ள வரல அத்த. ஜானட்டு, கனெக்டர் ஏன் உருகிச்சின்னு மட்டும் சொல்லு. ஒரிஜினலு. மேக்னட் வச்சிப் பாத்தேன். ஏன் உருகிச்சி?"

ஜன்னல் கதவு திறந்தது. ஜானட் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாக உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

"ஸ்டூலு போட்டுக்கினு வெளியவே குந்து" என்றாள்.

ஆலிஸ் ஸ்டூலை எடுத்துக் கொடுக்கவில்லை. உதைத்து அனுப்பினாள். அது உருண்டு வந்தது. கஸ்பார் அதை ஜன்னலுக்கு வெளியே, ஜானட்டின் இடது பக்கமாகப் போட்டான். போட்டு, உட்காரப் போனவன், நின்று, தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் போட்டான். அவளுக்கு நல்ல காது இருக்கிற பக்கம்.

ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து அவள் ஒரு குழிப் பாதியை நீட்டினாள். "உன் குச்சிய இதுல சொருகு. சொருகிகினு புடி. இதுக்குத்தான் புடிக்கச் சொல்லுவேன் நானு. தனியா சூடு காட்டினா சாஞ்சிரும்."

"இத்த கடையிலயே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "இடுக்கி இல்ல. அம்மா பங்கு போட்டதுல பூட்சி. கையால புடி."

பிடித்தான். கம்பிக்கு வெளியே அவன் விரல்கள், உள்ளே அவள் அயர்ன். ஈயம் உருகிப் பளபளவென்று குச்சியின் அடியில் இறங்கியது. வேலை முடிந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. அவள் அயர்னை எடுக்கவில்லை.

"சூடு ஏறுது ஜானட்டு."

"ஏறட்டும்."

"விரலு வேவுது."

"ஆட்டாத. ஆட்டினா ஜாயின்ட் வுட்டுரும்."

அவன் ஆட்டவில்லை. வாயைத் திறந்து காற்றை இழுத்தான், கண்ணை இறுக்கினான், எங்கள் தெருவுக்கே தோல் கருகும் வாசனை வந்தது என்பேன், நம்புகிறவர்கள் நம்பலாம். விரலை மட்டும் எடுக்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அயர்னை எடுத்தாள்.

"உள்ள வரட்டா?" என்றான்.

ஜானட் அந்த மஞ்சள் துண்டின் மேல் குனிந்து ஊதினாள்.

"இன்னும் ஆறல" என்றாள். "வுட்றாத. புடிச்சிகினே இரு."